குறுக்கே ஒரு கோடு

2006-ஆம் வருடம், ஆயுத பூஜை கழிந்து அடுத்த வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், மடியில் பேப்பர் சுற்றிய ஒரு கத்தியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை எனக்கிருந்த மண்டைக்கனம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. பத்து மணிக்குள் அது மொத்தமாக இறங்கிவிட்டது. எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டூல்ஸ் கம்பெனியில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் இருந்தேன். பன்னிரண்டு வருட அனுபவம். தகட்டில் துளை போடும் 'பஞ்ச்' என்ற கருவிகளை ஃபர்னஸில் காய்ச்சிக் கெட்டியாக்குவது என் வேலை. என் தங்கை மாமல்லபுரத்தில் கல்யாணமாகிப் போனவள், அங்கே மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருகிறாள். கடற்கரைச் சாலை ஹோட்டல்கள் இரண்டு மூன்று அவளிடம்தான் வஞ்சிரம் வெட்டக் கொடுக்கும். ஒரே கனத்தில், சதை கலங்காமல் துண்டு போடுவதில் அவளை மிஞ்ச அந்த மார்க்கெட்டில் ஆள் கிடையாது. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில், அழுத்தி வெட்டும் வேலையை விட்டுவிடு என்றார்கள். விட்டால் உட்காரும் இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். போன இடம் திரும்பக் கிடைக்காது. அவள் வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான வேலை இல்லை. அந்தக் கைதான் அந்த வீட்டுக்கு எல்லாம்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். குறை கையில் இல்லை, கத்தியில். பத்து கிலோ வெட்டியதும் கூர் மழுங்கிவிடுகிறது. மழுங்கிய கத்தியை அழுத்தி அழுத்தி அறுக்கிறாள். நல்ல கூர் நாள் முழுக்க நின்றால் அவள் அழுத்தவே வேண்டாம். "உனக்கு ஒரு கத்தி பண்ணித் தரேன். தீபாவளி வரைக்கும் சாணை பக்கமே போவ மாட்ட" என்று வாய்விட்டேன். எனக்கு வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும்.

எங்கள் கம்பெனியில் சில முக்கியமான பஞ்ச்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்டீல் வரும். பவுடர் ஸ்டீல் என்போம். சாதாரண ஸ்டீலை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். இதை உருக்கி, ரவையைவிட நைசான தூளாகச் சிதறடித்து, அந்தத் தூளை மறுபடி சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்துக் கட்டியாக்குவார்கள். அதனால் உள்ளே எல்லா இடமும் ஒரே சீராக இருக்கும். கூர் நிற்கும், அடியும் தாங்கும். ஒரு கம்பியின் கடைசித் துண்டு வளைந்துபோய் ஸ்கிராப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அவர் கேட் பாஸே எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாக அறுத்துக்கொண்டேன்.

அடித்து நீட்ட ஒரு உலை வேண்டுமே. என்னோடு பத்தாவது வரை படித்த நண்பன் ஒருவன் மாமல்லபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறான். சிற்பிகளின் உளிகள் மழுங்கினால் காய்ச்சி அடித்து முனை எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். ஒரு நாளைக்கு நூறு உளி பார்ப்பான். துண்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, இது வேற சாதி, மெல்லக் காய்ச்சணும், ரொம்ப சூடு ஏறக் கூடாது, ஆறவும் விடக் கூடாது என்று ஒரு பாடமே எடுத்தேன். அவன் பாதியிலேயே உலைக்குக் காற்றூதும் ப்ளோயரை முழு வேகத்தில் திருப்பிவிட்டான். உளிக்கு எப்படியோ அப்படி. துண்டு வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. பட்டடையில் வைத்து சம்மட்டியால் ஒரே போடு. பொலபொலவென்று உதிர்ந்து நாலா பக்கமும் தெறித்தது.

"இன்னா மச்சான் இது? ஃபாரின் இரும்புன்னு சொல்லி வெல்லக்கட்டிய எடுத்துகினு வந்துகீற!"

"நான் சொன்னத கேட்டாத்தான?"

"நீ சொல்லிகினே கீற. உலை யாருது? என்துது."

ஆக முதல் துண்டு காலி. இரண்டாவதற்கு அவனே இறங்கி வந்தான். ப்ளோயரை முனகவிட்டு, கரியைப் பரப்பி, துண்டைத் திருப்பித் திருப்பி அரைமணி நேரம் காய்ச்சினோம். ஆரஞ்சுப்பழ நிறம் வந்ததும் எடுத்து ஏழெட்டு அடி. சிவப்பாக இறங்கியதும் உடனே மறுபடி உலைக்குள். அடித்தால் சம்மட்டிதான் எகிறுகிறது, இரும்பு நகர்வேனா என்கிறது. உளியை இரண்டு சூட்டில் முடிப்பவன், இந்த ஒரு கத்திக்கு நாற்பது சூடு வைத்தான். சாயங்காலம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் இந்த மாதிரி எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் பட்டறைக்குள் விடமாட்டேன் என்றான். ஆனால் கத்தி வந்துவிட்டது. ஒன்பது அங்குலம், மெல்லிய வயிறு, அகலமான முதுகு. கம்பெனியில் அதை மிருதுவாக்கி, நானே ராவி வடிவமெடுத்தேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அது புரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஸ்டீலைச் சிவக்கக் காய்ச்சிக் குளிரவைத்தால் கெட்டியாகும். ஆனால் அந்த நிலையில் கண்ணாடி மாதிரிதான், உள்ளே ஒரே முறுக்கு. கை சூட்டுக்கு இறங்கியதும் உடனே மறுபடி மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து அந்த முறுக்கைத் தளர்த்த வேண்டும். அப்படி மூன்று தடவை. டெம்பரிங் என்பது இதுதான். உடனே என்றால் உடனே. அப்படியே விட்டுவைத்தால் யாரும் தொடாமலே தானாக விரிசல் விடும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாள் சொல்லித் தருவதே இதைத்தான். பல பேருக்குச் சொல்லித் தந்தது நான்தான்.

கம்பெனியில் ஆயுத பூஜை கொண்டாடிய அன்று காலை என் கத்தியைத் தனியாகக் காய்ச்சி எடுத்தேன். கம்பெனி சரக்குக்கு டெம்பரிங் லீவில் தள்ளிப் போகாதபடி முதல் நாளே அவசரமாக முடித்துவிட்டோம். என் கத்தி மட்டும் கடைசியாக வெளியே வந்தது. அதற்குள் டெம்பரிங் ஃபர்னஸைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டார்கள். பொரி வந்தாகிவிட்டது. எல்லாரும் புதுச்சட்டையில் நிற்கிறார்கள். ஃபோர்மேன் என்னைப் பார்த்து, ஏதாவது பாக்கி இருக்கா என்று கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாலையைக் கழற்றி ஃபர்னஸைப் போட்டிருப்பார், அப்படிப்பட்ட மனிதர். சொந்த வேலைக்காகப் பூஜையை நிறுத்திவைப்பதா என்று கூச்சம். இத்தனூண்டு கத்திக்கு என்ன ஆகிவிடும் என்று அலட்சியம் வேறு. ஒன்றும் இல்லை சார் என்றேன்.

அதோடு விட்டேனா? கத்திக்கும் ஒரு பொட்டு வைத்து, ஸ்பேனர், வெர்னியர், இடுக்கிகளோடு சாமி படத்துக்கு முன்னால் வரிசையில் வைத்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை போடும்வரை யாரும் தொட மாட்டோம். லீவு முடிந்து மூன்றாம் நாள் வந்துதான் எடுத்தேன். பார்த்தால் சும்மா கம்பீரமாக இருந்தது. மூன்று தடவை டெம்பரிங் செய்து, சாணை பிடித்து, தேக்கில் கைப்பிடி போட்டேன். பேப்பரைக் காற்றில் பிடித்து இழுத்தால் சத்தமே இல்லாமல் இரண்டானது. அந்த மூன்று நாளை நான் மறந்தே போனேன்.

எங்களுக்கு வாராந்திர லீவு வெள்ளிக்கிழமை. கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் சும்மா இருந்தேனா? பேப்பரைப் பிரித்து, வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்கையில் கொஞ்சம் முடியை மழித்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர். வெள்ளைச் சட்டை, மடியில் மஞ்சள் பை. என்னையும் கத்தியையும் பார்த்துக்கொண்டே வந்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த எனக்கு அது போதும். நானே ஆரம்பித்து பவுடர் ஸ்டீல், ஃபர்னஸ், தங்கை, அவள் வஞ்சிரம் வெட்டும் அழகு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்று கத்தியை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்து சாய்த்துப் பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. சாணை போட்ட கோடெல்லாம் ஒரே பக்கமா போகுது. இங்க கைப்பிடி பக்கத்துல முதுகுலேர்ந்து ஒண்ணே ஒண்ணு மட்டும் குறுக்க இறங்குது பாருங்க. எனக்கு இது கீறல் மாதிரி தெரியல."

எட்டிப் பார்த்தேன். மயிரிழை போல ஏதோ, இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எமரி பேப்பர் கீறல் என்றேன். அவர் தலையாட்டவில்லை. வெல்டிங்கில் விரிசல் பார்ப்பதுதான் தன் வேலை என்றும், ஒரு தடவை சோதித்துவிட்டுத் தங்கையிடம் கொடுத்தால் நல்லது என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. பன்னிரண்டு வருஷமாக நான் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன் என்கிறார் இவர்? கத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சுற்றி வைத்துக்கொண்டேன்.

"நான் ஹீட் ட்ரீட்மென்ட்ல ஊறினவன்யா. எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? உன் வேலையப் பாத்துகினு வாய்யா" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வயசில் பெரியவரை ஒருமையில் பேசினேன், இப்போது எழுதும்போதும் கூசுகிறது. திருக்கழுக்குன்றம் வந்ததும் அவர் எழுந்தார், பையை மார்போடு அணைத்துக்கொண்டு படிவரை போனார். கண்டக்டர் சீக்கிரம் இறங்கச் சொல்லி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மஞ்சள் பைக்காரர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து பின் சீட்டில் உட்கார்ந்து மாமல்லபுரத்துக்கு டிக்கெட் வாங்கினார். தொலையட்டும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்க்கெட்டில் தங்கை பெரிய வஞ்சிரம் ஒன்றைக் கட்டையில் கிடத்திக்கொண்டிருந்தாள். கத்தியைக் கையில் கொடுத்தேன். நடுத்துண்டத்தில் வைத்து லேசாக இழுத்தாள். கத்தி தானாக இறங்கியது.

"அண்ணா! இன்னாண்ணா இது, வெண்ணையில போற மாதிரி கீது! கையே வலிக்கல."

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் மீன் வெட்டுகிற பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள், எனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு என்று. நாலைந்து துண்டு போட்டுவிட்டு மீனின் தலையை நெடுக்காகப் பிளக்க வைத்தாள். கடினமான எலும்பு அது. கத்தியை எலும்பில் பதித்து, முதுகில் மரச்சுத்தியால் ஓங்கித் தட்டினால்தான் பிளக்கும். குனிந்தால் கத்திக்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது. சுத்தியை ஓங்கிவிட்டாள்.

"அம்மா! தட்டாதீங்க! நிறுத்துங்கம்மா!"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் பார்த்த அதே மனிதர். மூச்சு வாங்குகிறது. மீன் தண்ணீர் தெறித்து வெள்ளைச் சட்டை கறையாகியிருந்தது. தங்கையும் பயந்து சுத்தியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். "யாருண்ணாத்த இந்தாளு, காலங்காத்தால பேஜார் பண்ணிகினு" என்று ஒரு பெண் கத்தினாள். குடித்திருக்கிறான் என்றாள் இன்னொருத்தி. அவர் யாரையும் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்து மட்டும் கைகூப்பினார்.

"அஞ்சு நிமிஷம்மா. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் கோலமாவு. ஒண்ணுமில்லேன்னா நானே மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன்."

நான் வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கத்தியைக் கட்டையில் வைத்தாள். "இருண்ணா. பாக்கத்தான கேக்குறாரு. பாத்தா தேஞ்சா பூடும்?" என்றாள். டீக்கடை ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெயும், பெட்டிக்கடையிலிருந்து கோலமாவு பாக்கெட்டும் வந்தன.

அவர் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காய வைத்தார். பிறகு மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் என்றவர் கால் மணி நேரம் வைத்தார். அவசரப்பட்டால் சரியாகத் தெரியாது என்றார். அப்புறம் ஒரு சொட்டு இல்லாமல் துடைத்தெடுத்து, மேலே கோலமாவைத் தூவி, தட்டி உதறினார். கத்தி முழுக்க மெல்லிய வெள்ளை. எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறந்தேன், ஏதோ நக்கலாகச் சொல்வதற்குத்தான். சொல்லவில்லை. அந்த வெள்ளையில், கைப்பிடி பக்கம், முதுகிலிருந்து கீழ்நோக்கி ஒரு கறுத்த ஈரக்கோடு தானாக ஊறி வந்துகொண்டிருந்தது. சாணைக் கோடுகளுக்குக் குறுக்கே, ஒரு அங்குலத்துக்கு மேல்.

விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மாவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சோதனை எனக்கும் தெரியும். செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை, நான் செய்தது தப்பாகாது என்ற நினைப்பில்.

அவர் கத்தியைச் சாக்கில் நாலு சுற்றுச் சுற்றி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். முதுகில் மரச்சுத்தியால் ஒரு தட்டு. ஓங்கிக்கூட அடிக்கவில்லை. 'டிக்' என்றது. சாக்கைப் பிரித்தால் கத்தி இரண்டு துண்டு. முன்துண்டு சாக்கின் நாலு சுற்றையும் குத்திக்கொண்டு வெளியே அரை அங்குலம் நீட்டியிருந்தது. தங்கை அந்த முனையையே பார்த்தாள். பிறகு இடது கையால் தன் கண்ணை மூடிக்கொண்டாள்.

உடைந்த இடத்தை எடுத்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் ஒரு அங்குலம் கறுத்துப் போயிருந்தது. மீதி பளிச்சென்று சாம்பல் நிறம். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிடத் தெளிவாக எழுதிக் காட்ட முடியாது. பளிச்சென்று இருப்பது இப்போது உடைந்தது. கறுத்தது டெம்பரிங் சூட்டில் கறுத்தது, அப்படியென்றால் ஃபர்னஸில் வைப்பதற்கு முன்பே விரிசல் விட்டிருக்கிறது. பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் கிடந்த அந்த மூன்று நாளில். நிமிர்ந்தேன். அவரும் அந்தக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் கண்கள் ஒரு கணம் சந்தித்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது சொல்லப் போகிறார், இத்தனை பேர் முன்னால், என் தங்கை முன்னால். பஸ்ஸில் நான் பேசிய பேச்சுக்கு அவர் என்ன சொன்னாலும் தகும்.

"சில சமயம் ஸ்டீல்லயே இப்படி இருக்கும்மா. அண்ணன் மேல தப்பு இல்ல. வேலை ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கார். இன்னொண்ணு பண்ணித் தரச் சொல்லுங்க" என்றார் அவர், தங்கையிடம்.

பொய். சுத்தப் பொய். எனக்காகச் சொன்ன பொய். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கைகழுவிவிட்டுக் கண்ணாடியை வைக்க அவர் மஞ்சள் பையைத் திறந்தபோது, உள்ளே வெற்றிலை பாக்கும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு ஜாதகமும் இருந்தன. தங்கை பார்த்துவிட்டுக் கேட்டாள். மகளுடைய ஜாதகம். அணுபுரம் ஊழியர் குடியிருப்பில் ஒரு நல்ல இடம், இரண்டு வருஷம் அலைந்து இப்போதுதான் கூடி வந்திருக்கிறது. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்கும் முன்னால் வந்து கொடுங்கள் என்று பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்களாம். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மாற வேண்டியவர்.

"ஐயோ! மணி பத்து ஆவப் போவுதே. இப்போ எப்படிண்ணா போவீங்க?" தங்கை பதறிவிட்டாள்.

"பஸ்லேர்ந்து இறங்கத்தாம்மா எழுந்தேன். அண்ணன் உங்களப் பத்தி சொல்லிட்டு வந்தாரா, நீங்க குனிஞ்சு வெட்டற மாதிரியே கண்ணுல நின்னுச்சு. ஜாதகத்த இன்னொரு நாள் கூடக் குடுக்கலாம்" என்று சிரித்தார். கறை பட்ட சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். ஒரு நன்றி சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. தங்கை என் முதுகில் ஒன்று வைத்து, "ஓடுண்ணா, ஒரு ஆட்டோவாச்சும் புடிச்சுக் குடு" என்று தள்ளிய பிறகுதான் ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் அவர் இல்லை. ஏதோ ஒரு வண்டியில் ஏறிவிட்டிருந்தார்.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, உண்மையைச் சொன்னேன். ஸ்டீலில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான், பூஜையன்று ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டு உன் கண்ணைப் பணயம் வைத்துவிட்டேன் என்று. திட்டுவாள் என்று பார்த்தேன்.

"அந்த அண்ணன் சொல்லும்போதே தெரியும். நீ மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நின்னியே" என்றாள். பழைய கத்தியால் அந்த மீன் தலையைப் பிளந்துகொண்டே, "எனக்காக ஒரு அப்பா நல்ல நேரத்த வுட்டுட்டு வந்துகீறாருண்ணா" என்றாள். சொல்லும்போது அழுதுவிட்டாள். நானும் அழுதேன். மார்க்கெட்டில் யார் பார்த்தால் என்ன.

மூன்றாவது துண்டு இருந்தது அல்லவா? நண்பன் பட்டறைக்குள் விட்டான், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் விட்டான். இந்தத் தடவை குளிர்ந்து கை சூட்டுக்கு வந்த நிமிஷமே டெம்பரிங்கில் வைத்தேன். மூன்று தடவையும் முடியும்வரை வீட்டுக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய், கோலமாவு எல்லாம் போட்டு இரண்டு நாள் இரண்டு தடவை பார்த்தேன். அந்தக் கத்தியைத் தங்கை பல வருஷம் வைத்திருந்தாள். மணிக்கட்டு வீக்கம் மெல்ல மெல்ல வற்றியது. இடம் கைவிட்டுப் போகவில்லை.

அவரைத் தேடி அணுபுரத்துக்கு மூன்று முறை போனேன். பேரும் தெரியாது, பிள்ளை வீடும் தெரியாது. விரிசல் பார்க்கிற வேலை, ஒரு மகள், வெள்ளிக்கிழமை ஜாதகம் கொடுக்க வந்திருப்பார் என்று சொன்னால் யாருக்கு என்ன தெரியும்? குடியிருப்பு வாசலில் இருந்த செக்யூரிட்டி என்னைச் சந்தேகமாகப் பார்த்ததுதான் மிச்சம். அந்தச் சம்பந்தம் அமைந்ததா, என்னால் தட்டிப்போனதா என்பது தெரியாமலே இத்தனை வருஷம் போய்விட்டது. அந்தப் பெண் எங்கே வாழ்ந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் அண்ணனும் தங்கையும் வேண்டாத வெள்ளிக்கிழமை கிடையாது. ஒருவேளை இதை அவர் படித்தால், சார், பஸ்ஸில் உங்களை ஒருமையில் பேசியவன் நான்தான், மன்னித்துவிடுங்கள்.

இன்றும் நான் ஏதாவது உளறினால் என் தங்கை வெட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு கண்ணாலும் என்னை முறைப்பாள். அந்த முறைப்புக்கு முன்னால் எனக்குக் கோபமே வருவதில்லை, அந்த இரண்டு கண்ணும் பேர் தெரியாத ஒரு மனிதர் கொடுத்துவிட்டுப் போனவை என்ற நினைப்புதான் வருகிறது.